அந்தோனிப்பிள்ளை அண்ணை எறிய மறுத்த தண்ணீர்

போன கிழமை பழைய கொம்பனியில் இருந்து சுதன் தொலைபேசி எடுத்தான். நான் விலகியபோது நான் ஓட்டிய வானையும் என் வாடிக்கையாளர்களையும் பொறுப்பேற்றவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், என்னைவிடப் பொறுமைசாலி.

"அண்ணை, இப்ப நீச்சல்குளத்து வடிகட்டிக்குள்ள மணலுக்குப் பதிலா பஞ்சு உருண்டை போடச் சொல்லுறாங்கள். ஒரு பை பஞ்சு அவ்வளவு மணலின்ரை வேலையையும் செய்யுமாம். போடலாமோ?"

"போடலாம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்திருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்பது கனகாலம் பூட்டிக் கிடந்த குழாயைத் திறப்பதுபோல. முதலில் காற்று வரும், பிறகு துரு வரும், தண்ணீர் வருமுன்னர் கேட்டவன் போய்விடுவான். சுதனும் காற்றோடு தப்பிவிட்டான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றது உண்மையில் என் இடுப்பு. நான் அதற்குத் துணைக்குப் போனவன். வயதென்று பார்த்தால் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கலாம். அதனாலோ என்னவோ, நீச்சல்குளங்கள் திறக்கிற மே மாதம் பிறந்தால் இருப்புக் கொள்வதில்லை. அயல் வளவில் ஒரு பம்ப் உறுமத் தொடங்கினால் அது காற்று இழுக்கிறதா என்று கேட்க யன்னலடிக்குப் போவேன். அங்கே சரியாகக் கேட்காவிட்டால் பின்கதவுக்குப் போவேன். "ஒரு இடத்திலை இருங்கோவன்" என்பாள் மனைவி. இருப்பேன், தேத்தண்ணி ஆறுமுன் எழும்பிவிடுவேன்.

தொழிலுக்கு வந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட பொருளியல் பட்டம், மொன்றியலில் முழுதாகக் கழுவிய கோப்பைகள், அதன்பிறகு ஒரு கோடைக்கு மட்டும் என்று சேர்ந்த நீச்சல்குளப் பராமரிப்புக் கொம்பனி. அந்த ஒரு கோடை என் இடுப்பு ஒடியும்வரை நீண்டது. இத்தனைக்கும் எனக்கு நீந்தத் தெரியாது. கொம்பனியில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலிய வந்து தன் குறையைச் சொன்ன வேட்பாளரை யாராவது கண்டதுண்டா?

என்னைப் பழக்கியவர் மேற்பார்வையாளர் ரேஜான். கியூபெக்கின் வடக்கிலே மரம் வெட்டும் ஊரில் பிறந்தவர். கதைப்பதற்கு வரி கட்டவேண்டும் என்று நம்புகிறவர்போலக் கதைப்பார். வால்வுக் கைப்பிடியைத் திருப்புமுன் பம்பை நிறுத்தவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் கட்டளை. நிறுத்தாமல் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிடும். இதை அவர் எனக்கு ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. என் கை கைப்பிடிக்குப் போகும்போது தன் பெரிய கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார். நான் சுற்றிப் பார்த்து, யோசித்து, பம்பை நிறுத்தியபிறகு கையை எடுப்பார். அந்தக் கையின் கனம் இப்போதும் என் கையில் இருக்கிறது.

தண்ணீரை அவர் முதலில் மணந்து பார்ப்பார். பிறகு ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைப்பார். அதன்பிறகே சோதனைப் பெட்டியைத் திறப்பார், அதுவும் எங்களுக்காக.

வடிகட்டி என்பது வயிறு நிறைய மணல் உள்ள ஒரு பெரிய உருண்டைத் தாங்கி. அழுக்குத் தண்ணீர் மேலால் போய், மணலுக்குள்ளால் இறங்கி, கீழால் சுத்தமாக வெளியேறும். மணலில் அழுக்கு நிறைந்ததும் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி, அந்தக் கலங்கலைத் தெருவுக்கு அனுப்புவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பக்வாஷ்'. பிரெஞ்சுக்காரரும் அதையே சொல்வார்கள், சொல்லிவிட்டு ஆங்கிலத்தைத் திட்டுவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் மணலுக்கு எதிராக ஒரு புரட்சி கிளம்பியது. அரைத்த போத்தல் கண்ணாடி ஒருபக்கம், சியோலைட் என்ற எரிமலைக் கல் மறுபக்கம். வாசிக்கிற வியாதி உள்ளவனாகையால் வந்த துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் வாசித்தேன். நூலகத்திலும் தேடினேன். சியோலைட்டில் என் மனம் போய்விட்டது. மணல் விட்டுவிடுகிற நுண்தூசியை அது பிடிக்கும். அதோடு வியர்வையில் இருந்தும், யாரும் ஒப்புக்கொள்ளாத இன்னொன்றில் இருந்தும் வருகிற அமோனியாவையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வயிறு நிரம்பியதும் கடும் உப்புத்தண்ணீரில் ஊறவிட்டால் பிடித்ததை எல்லாம் கக்கிவிட்டுப் புதுக்கல் ஆகிவிடும்.

இதை நான் ரேஜானுக்கு வானில் போகும்போது விளக்கினேன். பாலம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

"மணல் புத்தகம் வாசிக்காது, புரொபசேர்," என்றார். "அதுதான் அது வேலை செய்கிறது."

ஆனாலும் ஒரு வீட்டில் போட்டுப் பார்க்க விட்டார். அந்த வீடு ஆற்றுக்கு அப்பால் லவாலில், அந்தோனிப்பிள்ளை அண்ணையுடையது.

அண்ணை நெடுந்தீவுக்காரர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையலறையில் வேலை. பின்வளவில் நீச்சல்குளம் உள்ள வீட்டை அவர் விரும்பி வாங்கவில்லை. வீடு பிடித்துக்கொண்டது, குளம் கூடவே வந்துவிட்டது. "சீதனத்தோடை வந்த மாமியார் மாதிரி" என்பார். பிள்ளைகள் வளர்ந்து வேறிடம் போனபிறகு அதை மூடி மண் போடுகிற யோசனையில் இருந்தவரை மறித்தது அவருடைய மனைவி றோசலின் அக்காவின் முழங்கால்.

நான் கல் போட்டதற்கு அடுத்த வருட வசந்தத்தில் அக்காவுக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. புதுமூட்டு வளைய மறுத்தது. தண்ணீருக்குள் நடந்து பழகச் சொன்னார்கள். கோடை முடிகிறபோது வைத்தியர் பார்ப்பார், அதற்குள் போதியளவு வளையாவிட்டால் மயக்கமருந்து கொடுத்துத் தாங்களே வளைப்பார்கள்.

"மயக்கிப்போட்டு முறிப்பினமாம், தம்பி," என்றா அக்கா. அது முறிப்பதல்ல, உள்ளே இறுகியதை இளக்குவது என்று நான் வாசித்ததைச் சொன்னேன். "முறிக்கிறதெண்டால் உம்மடை புத்தகத்தை முறிக்கச் சொல்லும்" என்றா.

நகரசபைக் குளத்துக்கு அக்கா போகமாட்டா. ஊர்ச்சனம் பார்க்க நீச்சல் உடுப்போடு நிற்பதைவிட மயக்கமருந்து மேல். சொந்த வளவில், வீட்டுக்குள் உடுக்கிற பழைய சோட்டியைப் போட்டுக்கொண்டு, தலையில் நல்லெண்ணெயோடு, செபமாலை சொல்லியபடி ஆழங்குறைந்த பக்கத்தில் மேலும் கீழும் நடப்பா. சோட்டியின் நூலும் தலை எண்ணெயும் வடிகட்டிக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நடக்கிற ஒருவரை எண்ணெய்க்காக மறிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

கால் இளகத் தொடங்கியது. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து குதிக்காலைப் பின்னுக்கு இழுத்துக் கதிரைக் காலில் முட்டிக் காட்டுவா. "பார்த்தீரோ?"

யூலையில் ஒருநாள் அண்ணை தொலைபேசி எடுத்தார். "தம்பி, இவவுக்குக் கண் எரியுதாம். தோலெல்லாம் சிவந்து கிடக்கு. குளோரின் கூடிப்போச்சுப் போல."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் பளிங்குபோல் கிடந்தது. அடியில் ஒரு நாணயம் விழுந்திருந்தால் யாருடைய தலை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூக்கில் அடித்தது. சனம் அதைக் குளோரின் மணம் என்று நினைக்கும். உழைக்கிற குளோரினுக்கு அவ்வளவு மணம் இல்லை. அமோனியாவோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அப்படி மணக்கும், கண்ணையும் கடிக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து முதல் மருந்தைச் சொட்டினேன். தனிக்கட்டையாக நிற்கிற குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு வரவேண்டும். வரவில்லை. இரண்டாவது மருந்தைச் சொட்டினேன், பீற்றூட் நிறம். இருந்த குளோரின் முழுவதும் அமோனியாவோடு கலியாணம் முடித்துக் குடியிருந்தது.

இப்படியான தம்பதிகளைப் பிரிக்க வழி, அளவுகடந்த குளோரினைக் கொட்டுவது. கொட்டினேன். அண்ணையின் குளம் உப்புக்குளம். தண்ணீரில் கரைந்த உப்பில் இருந்து ஒரு இயந்திரம் தானே குளோரின் தயாரிக்கும். அதையும் முழுவேகத்தில் ஓடவிட்டேன். அடுத்தநாள் காலை வேறு வீடுகளுக்குப் போகுமுன் வந்து முதல் மருந்தைச் சொட்டினேன். நிறமில்லை. திரும்பக் கொட்டினேன். அதற்கடுத்த காலையும் நிறமில்லை. பிடித்து வைக்கவேண்டிய சியோலைட் உள்ளே இருக்க, இவ்வளவு அமோனியா எங்கிருந்து வருகிறது? அண்ணைக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுச் சந்ததி முழுவதும் வந்து குளிக்கிறதா என்றுகூட யோசித்தேன்.

மொன்றியலில் கோடை என்பது வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே போய்விடுகிற விருந்தாளி. அக்கா கதிரையில் இருந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"தண்ணி வடிவாத்தானே கிடக்கு. இறங்கட்டோ?"

"வேண்டாமக்கா. தோல் உரிஞ்சுபோம்."

"அப்ப காலைப் பாரும்." குதிக்காலைப் பின்னுக்கு இழுத்தா. கதிரைக் காலுக்குப் போகவில்லை. நடுவழியில் நின்று நடுங்கியது. அக்கா முகத்தை வேறுபக்கம் திருப்பினா. நானும் என் சோதனைக் குழாயைக் கழுவத் தொடங்கினேன், அது கழுவித்தான் இருந்தது.

அன்று ரேஜானைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழிமுழுக்க, கல் பிழையில்லை என்று நிறுவிக்கொண்டு வந்தேன். அவர் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்.

வந்து இறங்கியவர் வழக்கம்போல் மணந்தார், விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார், பெட்டியைத் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வளவைச் சுற்றினார். தக்காளிப் பாத்தியைப் பார்த்தார். வெயில் படவென்று வெளியே வைத்திருந்த கறிவேப்பிலைச் சாடியைப் பார்த்தார். பம்ப் கொட்டிலுக்குப் பின்னால் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு நீல நிறப் பீப்பாவின் முன்னால் நின்றார். அதன் அடியில் கொஞ்சத் தண்ணீர். அதிலும் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"உப்பு," என்றார். "கேள்."

கேட்டேன். அண்ணைக்கு என் கேள்வி விளங்கவில்லை. "இதென்ன கேள்வி, தம்பி? நீர் சொன்னபடிதானே செய்தனான். கல்லை உப்புத்தண்ணியிலை ஊறவிடச் சொன்னனீர், விட்டன். பேந்து அந்தத் தண்ணியை இதுக்குள்ளை வடிச்சு அடைய விட்டன். நல்லாத் தெளிஞ்சுது."

"தெளிஞ்சாப் பிறகு?"

"குளத்துக்குள்ள ஊத்தினன்."

நான் சோதனைப் பெட்டியை நிலத்தில் வைத்தேன்.

"உப்புக்குளம்தானே. உப்புப் போடத்தானே வேணும்," என்றார் அண்ணை. "அவ்வளவு நல்ல உப்புத்தண்ணியை றோட்டிலை ஊத்துறதே?"

இரண்டு கோடையாக அந்தக் கல் பாடுபட்டுச் சேகரித்த அமோனியா முழுவதையும் உப்பினால் கக்கவைத்து, பத்திரமாக வடித்து, அடைய விட்டு, துளி சிந்தாமல் மனைவி நடக்கிற தண்ணீருக்குள் ஊற்றியிருக்கிறார்.

"இவர் தண்ணி எறியமாட்டார்," என்றா அக்கா கதிரையில் இருந்தபடி. "அரிசி கழுவின தண்ணி தக்காளிக்கு. கோப்பை அலம்பின தண்ணி கறிவேப்பிலைக்கு. நான் குளிச்ச தண்ணியைத்தான் இன்னும் ஒண்டுக்கும் பாவிக்கேல்லை, அதுக்கும் யோசிச்சுக்கொண்டுதான் இருப்பார்."

ரேஜானுக்கு மொழிபெயர்த்தேன். அவர் பீப்பாவைத் திரும்பவும் குனிந்து பார்த்தார். "நல்ல தர்க்கம்," என்றார். கிண்டல் இல்லை. "பிழை பிடிக்க முடியாது." பிறகு குளத்தைக் காட்டிக் கையை வெளிப்பக்கம் வீசினார். "எல்லாம் வெளியே."

அண்ணைக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"இவ்வளவு தண்ணியையுமோ? தம்பி, அவரிட்டைச் சொல்லும். வெயில் படட்டும், கொஞ்சநாள் பொறுத்தால் தானாய்ச் சரிவரும். நீர் இன்னும் மருந்து ஊத்தும்."

ஊற்றலாம். ஊற்றிக்கொண்டே இருந்தால் என்றோ ஒருநாள் பிரியும். அது எந்த நாள் என்பதை நான் வாசித்த எதுவும் சொல்லவில்லை. ரேஜான் குளத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கடை தீவிலை ஒரு குடம் நல்லதண்ணிக்கு என்ரை அம்மா எவ்வளவு தூரம் நடந்தவ தெரியுமே?" என்றார் அண்ணை. "அவவின்ரை பிள்ளை நான் ஒரு குளம் தண்ணியைத் தெருவிலை விடுறதோ?"

"உங்கடை அம்மா நடந்தவ," என்றா அக்கா. "நான் நடக்க ஏலாமல் கிடக்கிறன்."

அண்ணை கொட்டிலுக்குள் போனார். "எந்தப் பக்கம் திருப்பிறது?" என்று கேட்டார். காட்டினேன். அவர் கை கைப்பிடிக்குப் போனது. ரேஜானின் பெரிய கை அதன்மேல் வந்து உட்கார்ந்தது. அண்ணை அதைத் தடுப்பதாக நினைத்து அவரை நிமிர்ந்து பார்த்தார், கண்ணில் ஒரு நம்பிக்கை. "பம்ப், அண்ணை," என்றேன். "முதல் பம்பை நிப்பாட்டுங்கோ." நிறுத்தினார். கை விலகியது. கைப்பிடியைத் திருப்பித் திரும்பப் பம்பைப் போட்டார். தெருவோரம் போய், குழாய்வாயில் இருந்து வடிகாலுக்குள் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு போகையில் "பொன்ஜூர்" சொன்னார். அண்ணையும் சொன்னார், செத்தவீட்டு வாசலில் நிற்கிறவரைப்போல.

தண்ணீர் முழுவதையும் எடுக்கக்கூடாது. குளத்தின் உட்புறம் ஒரு பெரிய பிளாஸ்ரிக் விரிப்பு. பாரமில்லாமல் வெயிலில் கிடந்தால் சுருங்கிவிடும், நிலத்தடி நீர் அதைத் தூக்கியும் விடும். அடியில் முழங்கால் அளவுக்கு விட்டு நிறுத்துவோம்.

தண்ணீர் இறங்கி முடிய, பம்பை நிறுத்திவிட்டு நாங்கள் வடிகட்டியைத் திறந்தோம். உப்புக்குளத்துக்குச் சியோலைட் ஒத்துவராது, தண்ணீரில் உள்ள உப்பே அதைப் பிடிக்கவிடாது என்பது ரேஜானின் கட்சி. அப்படியானால் கண்ணாடி போடுவோம் என்பது என் கட்சி. கண்ணாடி ஒன்றையும் உறிஞ்சாது, கட்டிபடாது, மணலைவிடக் குறைந்த தண்ணீரில் கழுவலாம், அண்ணைக்கென்றே செய்ததுபோல. கொட்டில் வாசலில் நின்று இரண்டுபேரும் பிரெஞ்சில் தர்க்கித்தோம். நான் அதிகம் கதைத்தேன், அவர் அதிகம் வென்றார்.

"எது கெதியா முடியும்?" என்று அக்கா கேட்டா.

கண்ணாடி தருவிக்கவேண்டும். மணல் வானுக்குள் இருந்தது. சொன்னேன்.

"அப்ப மணலைப் போடும்."

என் இரண்டு வருட வாசிப்பு அந்த மூன்று சொல்லில் முடிந்தது. நல்ல விமர்சகர்கள் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள்.

மணல் போடுவதில் அவசரம் கூடாது, அவசரம் இருக்கிற நாளில் இன்னும் கூடாது. தாங்கியின் நடுவில் நிற்கிற குழாயின் வாயை ஒட்டுநாடாவால் மூடினோம். ஒரு பிடி மணல் அதற்குள் விழுந்தால் அது நேரே குளத்துக்கு வரும். அடியில் விரல்கள்போல் விரிந்து நிற்கிற சிறு குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார் ரேஜான். பிறகு தாங்கியில் பாதிக்குத் தண்ணீர் விட்டோம், மணல் அந்த விரல்களில் நேரே விழுந்து முறிக்காமல் மெத்தென்று இறங்குவதற்கு. அதன்பிறகு மணல், பையைச் சரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. நடுக்குழாய் சரியாதபடி நான் பிடித்துக்கொண்டேன். இவ்வளவுக்கும் அவர் ஒரு சொல் சொன்னார்: "மெதுவாக."

வெளியே எடுத்த சியோலைட்டில் ஒரு பையை வானில் தன் இருக்கைக்குக் கீழே வைத்தார். வீட்டில் மூன்று பூனைகள், மலப்பெட்டிக்கு நல்லதாம். "கடைசியில் உன் கல்லுக்கு வேலை கிடைத்தது, புரொபசேர்." அந்த வருடத்தில் அவர் சொன்ன மிக நீண்ட பகிடி அது.

தோட்டக்குழாயால் ஒரு குளத்தை நிரப்புவது என்பது பொறுமை இல்லாதவனுக்கு விதித்த தண்டனை. அடுத்தநாள் வேறு வீடுகளில் வேலை செய்தபடி மூன்றுதரம் லவால் பக்கம் போகக் காரணம் தேடினேன், இரண்டு கிடைத்தன. இரண்டுதரமும் தண்ணீர் ஏறியதாகத் தெரியவில்லை. அண்ணை ஓரத்தில் குந்திக்கொண்டு குழாயைக் கையில் பிடித்திருந்தார், கீழே போட்டால் ஒழுகிவிடும் என்பதுபோல.

அதற்கு மறுநாள் பின்னேரம் போனபோது அக்கா உள்ளே இறங்கிவிட்டா. தண்ணீர் இடுப்புக்கு மேல். குளிரில் பல்லு அடித்தது. குளோரின் அளவு சரிவரும்வரை இறங்கவேண்டாம் என்று ரேஜான் சொல்லியிருந்தார். நான் அதை நினைவூட்டினேன்.

"அவர் தமிழிலை சொல்லேல்லையே," என்றா அக்கா.

ஆழங்குறைந்த பக்கத்தில் நடந்துகொண்டிருந்தா. அண்ணை படியில் முழங்காலளவு தண்ணீரில் நின்று குழாயின் வாயைப் பெருவிரலால் நெரித்து, நீர்ப்பாய்ச்சலை அக்காவின் காலுக்கு நேரே பிடித்திருந்தார். எதிர்த்து வருகிற தண்ணீரில் நடந்தால் கால் நல்லாய் மடிகிறதென்று அவ கண்டுபிடித்திருக்கிறா. நடந்து வருவா, திரும்புவா, அண்ணை குழாயைத் திருப்புவார். ஆவணி முடிவில் வைத்தியர் காலை வளைத்துப் பார்த்து, மயக்கமருந்து வேண்டாம் என்று அனுப்பினார். அன்றைக்கு அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

நான் மட்டத்தைப் பார்த்தேன். தண்ணீர், குளச்சுவரில் உள்ள உள்ளிழுக்கும் வாயின் நடுவுக்கு வந்துவிட்டது. அங்கே நிறுத்தவேண்டும். வீட்டுச் சுவரடிக்குப் போய்க் குழாயைப் பூட்டக் கைவைத்தேன்.

"விடும், தம்பி," என்றார் அண்ணை, திரும்பிப் பார்க்காமல்.

"மட்டத்துக்கு வந்திட்டுதண்ணை. இனி வாறதெல்லாம் மிச்சம்."

"தெரியும். அவள் நடந்து முடியட்டும்." பெருவிரலை இன்னும் நெரித்தார். "மிச்சத்தைப் பேந்து றோட்டிலை விடுவம்."